ஏகமனதாக

சமுதாயக் கூடத்தை எங்கே கட்டுவதென்று கிராமசபையில் காலையிலிருந்து தகராறு. கோயில் பக்கமென்றால் கறிவிருந்து போட முடியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ரேடியோ செட் வைக்க முடியாது. காலனிப் பக்கம் கட்டினால் நம்ம வீட்டுப் பொண்ணு அங்க போயி தாலி கட்டிக்குவாளா என்று ஒருவர் கேட்டே விட்டார். "இனிமே யாரும் குறுக்க பேசக் கூடாது. பேசணும்னா கையத் தூக்குங்க" என்று அதட்டினார் தலைவர் வேலாயுதம். "ஊர்க்கோடிப் புறம்போக்கு சும்மாதான கெடக்கு?" என்றது ஒரு குரல். கூட்டத்துக்கு மனசு குளிர்ந்துபோனது. டீ கொடுத்துக்கொண்டிருந்த மாரக்காளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா கிடக்கிறதாமே! அவளும் புருஷனும் மண் குழைத்து எழுப்பிய வீடு அங்கேதான் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்தபோது இதே தலைவர் அந்த வாசலில்தான் செருப்பைக் கழற்றினார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, பேசுவதற்காகக் கையைத் தூக்கினாள். தலைவர் அவளைப் பார்க்காமலே, "சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார். எல்லாக் கைகளும் எழுந்தன. "அட, மாரக்காளே தூக்கிட்டா! ஏகமனதான்னு எழுதிக்குங்கப்பா." கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவள் கை மட்டும் மேலேயே நின்றது. பக்கத்திலிருந்தவர் காலி டம்ளரை அவளிடம் நீட்டினார். "எறக்கு தாயி. எண்ணியாச்சு."