விங்கை ஏற்றி வை

வீடியோ கேம் கார்ப் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் ஓரகத்திகள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். ஜெயிக்கிற ஒருத்திக்குத்தான் மாநில அணியில் இடம்.

மூத்தவள் தமயந்தி எட்டி, இளையவளின் திரையில் காரின் பின்னால் இறக்கை போல நிற்கும் பலகையை, அந்த விங்கை, உயர்த்தி வைத்தாள்.

"என் காருக்கும் இதே அளவுதான், வினோதா. காத்து வண்டியைத் தரையோட அழுத்தும். வளைவுல வழுக்காது."

"நேர் ரோட்டுல அதே காத்து பிடிச்சு இழுக்குமே அக்கா?"

"இழுக்கட்டுமே. வளைவைத் தாண்டினாத்தானே நேர் ரோடு?"

ரசப்பொடிக்கு அளவு கேட்டாலே "கைக்கணக்குதான்" என்று மழுப்புகிறவள், இதை ஏன் வலிய வந்து சொல்கிறாள்? அவள் முகம் திரும்பியதும் வினோதா விங்கைத் தாழ்த்திவிட்டாள்.

நேர் ரோட்டில் பறந்தாள். தமயந்தி வெகுதூரம் பின்தங்கினாள். கடைசி வளைவில் வினோதாவின் கார் பின்பக்கம் வழுக்கி, சுழன்று, மணலில் புதைந்தது. தமயந்தியின் கார் தரையில் ஒட்டியபடி அதே வளைவைக் கடந்தது.

"இறக்கிட்டியா?"

"இல்லக்கா."

"நீ இறக்குவேன்னு தெரியும்."

வினோதா அவளையே பார்த்தாள். "நம்பமாட்டேன்னு தெரிஞ்சுதான் உள்ளதைச் சொன்னீங்களா?"

தமயந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெற்றிக்கோடு நெருங்கிக்கொண்டிருந்தது.