விதி எண் பதினேழு

“செத்துப்போன கம்ப்யூட்டரை எப்படிம்மா ஆன் பண்றது? செத்துப்போச்சுன்னுதானே முக்கால் மணி நேரமா கத்திக்கிட்டு இருக்கேன்!”

ஆர்லன் ஹேகடார்ன் ஃபோனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினார். இரண்டு காதும் சிவந்திருந்தன.

“புரியுது சார்,” என்றாள் எதிர்முனையில் ட்வைலா. தையல் மென்பொருள் கம்பெனியின் உதவி மையத்தில் இருப்பவள். “ஆனா பழைய கம்ப்யூட்டர்ல லைசென்ஸை நீக்கினாத்தான் புதுசுல ஆறாம் பதிப்பைப் போட முடியும். விதி எண் பதினேழு.”

“இது எப்படி இருக்கு தெரியுமா? புதைச்சவனை எழுப்பி, ‘நான் செத்துட்டேன்’னு கையெழுத்துப் போட்டுக் குடுடான்னு கேக்கிற மாதிரி இருக்கு.”

சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி மார்லிஸ், சிரிப்பை மறைக்கக் காபிக் கோப்பையைத் தூக்கினாள். கை நடுங்கியது. இரண்டு வருடமாக அந்த நடுக்கம். ஊசி பிடிக்க முடியாமல் போனதிலிருந்து கம்ப்யூட்டரில் படம் வரைந்து தையல் மெஷினுக்கு அனுப்புவாள், மெஷின் தைத்துவிடும். மகள் கிரெட்டாவின் கல்யாணத்துக்காக, துண்டுத் துணிகளை இணைத்து ஒரு பெரிய போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பத்தெட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மான். நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. இன்று புதன். கல்யாணம் சனிக்கிழமை.

“பேசாம பதினாலாம் பதிப்பு எடுத்துக்கலாமே சார்? வருஷச் சந்தாதான்.”

“ஒரு வாரம் இலவசம்னீங்களே, அதையும் போட்டுப் பாத்தாச்சு. ஆறுல வரைஞ்சு பென் டிரைவ்ல வெச்சிருந்த மானைப் பதினாலுல திறந்தா, கொம்பெல்லாம் உதிர்ந்து கழுதையா வந்து நிக்குது. கல்யாணப் பொண்ணுக்குக் கழுதை போட்ட போர்வையா குடுக்கிறது?”

“ஏழு கழுதை,” என்று திருத்தினாள் மார்லிஸ்.

“சரி சார், பழைய கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?”

“அது... வயசாயிடுச்சும்மா.”

“உண்மையைச் சொல்லு,” என்றாள் மார்லிஸ்.

ஆர்லன் பெருமூச்சு விட்டார். “வயசானது எனக்குத்தான். காபியைக் கொட்டிட்டேன். அதோட சும்மா இருந்திருந்தா ஒருவேளை பொழைச்சிருக்கும். காய வைக்கிறேன்னு ஹேர் டிரையரை வெச்சு ஊதினேன். பட்டனெல்லாம் பாலாடைக்கட்டி மாதிரி உருகிப்போச்சு.”

ட்வைலா இருமினாள். இருமல் மாதிரி இல்லை.

“சிரிம்மா, பரவாயில்லை. நான் முட்டாள்தான். ஆனா அந்தப் பதினேழாம் விதியை எழுதினான் பாரு, அவன் என்னைவிட வடிகட்டின முட்டாள். கம்ப்யூட்டரும் ஒருநாள் மண்டையைப் போடும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பானா? டை கட்டிக்கிட்டு, டோனட் தின்னுக்கிட்டே எழுதியிருப்பான்.”

“அப்படிச் சொல்லாதீங்க சார். அந்த விதி வந்தப்புறம்தான் திருட்டு நகலெல்லாம் குறைஞ்சுதாம். அவருக்குக் கேடயம் எல்லாம் குடுத்தாங்களாம்.”

“கேடயம்தானே? காத்துல கதவு அடிக்காம முட்டுக் குடுக்கலாம். வேற எதுக்கும் ஆகாது.”

“அந்த ஆளைக் கட்டிக்கிட்டவ பாவம்,” என்றாள் மார்லிஸ், கூரையைப் பார்த்தபடி.

ஆர்லன் எழுந்து ஜன்னலோரம் போனார். வெளியே ஏரியில் பனிக்கட்டி பாதி கரைந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“விளையாட்டை விடும்மா. என் பொண்டாட்டிக்குக் கை நடுங்குது. நாளுக்கு நாள் அதிகமாகுது. இன்னொரு போர்வை அவளால முடியுமான்னு தெரியலை. ஏதாவது ஒரு வழி சொல்லு.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

“ஒரு வழி இருக்கு சார். அந்த விதி மேல முறைப்படி புகார் பதிஞ்சா, விசாரணை முடியற வரைக்கும் தற்காலிகமா ஒரு சாவி எண் தரலாம். பத்து நாள் வேலை செய்யும். இதுவரைக்கும் யாரும் புகார் குடுத்ததில்லை. எல்லாரும் திட்டிட்டு ஃபோனை வெச்சிடுவாங்க.”

“பத்து நாள் தாராளம்! என்ன பண்ணணும்?”

“விதியை எழுதின அதிகாரி என்ன தப்பு பண்ணினார்னு நீங்க சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.”

ஆர்லன் ஜன்னலை விட்டுத் திரும்பினார். மார்லிஸ் இப்போது சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதிக்கோ. ஊருல இருக்கிறவன் எல்லாம் திருடன்னு நெனச்சான். நேர்மையா வாங்கினவன் வந்து கதவைத் தட்டுவான்னு நெனைக்கலை. அகம்பாவம். போதுமா?”

“போதும் சார். உங்க மெயிலைப் பாருங்க.”

சாவி எண் வந்திருந்தது. இருபது எழுத்து. ஆர்லன் இரண்டு தடவை தப்பாக அடித்தார். மூன்றாவது தடவை மார்லிஸ் ஒவ்வொன்றாகப் படிக்க, ஒற்றை விரலால் குத்தினார். திரையில் மான் வந்து நின்றது, கொம்போடு. மார்லிஸ் அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு மெஷினைத் தட்டிவிட்டாள். கடகடவென்று தைக்கத் தொடங்கியது.

“நீ நல்லா இருக்கணும்மா,” என்றார் ஆர்லன்.

“வெச்சிடாதீங்க சார். அந்த அதிகாரி ரிட்டையர் ஆயிட்டாரு, ஆனா புகார் நகல் அவருக்கும் தபால்ல போயாகணும். பேரு... இதோ இருக்கு, ஆர்லன் ஹேகடார்ன். உங்களுக்கும் ஒரு நகல் வரும். லைசென்ஸ் உங்க சர்ச்சோட தையல் குழு பேர்லதான் இருக்கு. உங்க பேரு என்ன சார்?”

“அதே பேர்தாம்மா. ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு அனுப்பிடு.”