ஜுமானா காட்டிய திசை

“நேத்து இவ்வளவு இடப்பக்கம் திரும்பலயே?” என்றான் காஜா நவாஸ்.

“வள்ளத்தை நகத்திப் போட்டிருக்காக மச்சான்” என்றாள் ஜுமானா.

கணவனின் பின்னால் நின்று, அவன் கையிலிருந்த கோல்ஃப் மட்டையை அவளும் பிடித்து, கடற்கரை மணலுக்கு மேலே நேராக நீட்டிக் காட்டியிருந்தாள்.

துபாயில் கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் மட்டைப் பைகளைச் சுமந்தவன் அவன். அவர்கள் போனபிறகு தானும் அடித்துப் பழகியவன். சர்க்கரை கண்ணைத் தின்றதும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது காலடி மட்டும் மங்கலாகத் தெரியும். அதற்கப்பால் வெறும் வெளிச்சம்.

கீழக்கரைக்கு வந்தபின் அவனைச் சிரிக்க வைத்தது இந்தச் சாயங்கால விளையாட்டு ஒன்றுதான். தூரத்தில் கவிழ்ந்து கிடக்கும் பழைய வள்ளம்தான் இலக்கு. திசை சொல்வது அவள். அடிப்பது அவன்.

கல் மாதிரிப் பந்து. போன வாரம் பட்டதில் வள்ளத்தின் பலகை விரிசல் விட்டிருந்தது.

வலைக்காரர்கள் குறுக்கே வந்தால் ஜுமானா “இருங்க” என்பாள். ஓங்கிய மட்டை அந்தரத்திலேயே நின்றுவிடும்.

அவன் குனிந்து, மட்டை காட்டிய கோட்டில், பந்துக்கு ஒரு சாண் முன்னால் வெள்ளைச் சிப்பி ஒன்றை வைத்தான். தூரத்துக் குறி அவனுக்குத் தெரியவேண்டியதில்லை. பந்து சிப்பிக்கு மேலே போனால் போதும்.

முதலில் மட்டையின் முகத்தைச் சிப்பிக்கு நேராக வைத்தான். பிறகுதான் கால்களை. காலை முதலில் வைப்பவனுக்குப் பந்து எங்கேயோ போகும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான்.

தோள்களைத் தளர்த்தினான். காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்தான்.

ஜுமானா ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

வள்ளம் நேற்றைய இடத்திலேயேதான் கிடந்தது.

மட்டை காட்டிய திசையில், ஒற்றைத் தென்னையடியில், முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டு நின்றான் நெய்னா முகம்மது. காஜா நவாஸின் அண்ணன்.

இன்று மதியம், தம்பி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஆள் அடுக்களைக்குள் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். உதறியதும் சிரித்தான்.

“அவனுக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல.”

மணிக்கட்டில் அந்த விரல்கள் பட்ட இடம் இன்னும் எரிந்தது.

“குறுக்க யாரும் இல்லயே?” என்று கேட்டான் காஜா நவாஸ்.

அவள் சொன்னால் போதும். மறுபடி கேட்கிறவனில்லை.

“இல்ல மச்சான். அடிங்க.”