மூன்று விநாடி வீணை

ஆபத்தில் இருக்கும் பெண் ஒரு பொத்தானை அழுத்தினால் உதவிக்கு ஆள் வரும். அப்படியொரு போன் செயலிக்கு இசை தேடியே மூன்று மாதம் ஓடியது. "ட்யூன்தான்யா ஆப்பை ஜெயிக்க வைக்கும். ஒரு தடவ கேட்டா ஊரே முணுமுணுக்கணும். போன் சைலன்ட்ல இருந்தாலும் வரணும்," என்றார் முதலாளி பரிதி. செயலியைச் சோதிக்கும் ஷகிலா மட்டும், "சத்தமே வேணாமே சார்," என்றாள். "அப்புறம் அழுத்துனது எப்படிம்மா தெரியும்?" என்று அவர் சிரித்தார். மூன்று விநாடி வீணை ஒன்று தேறியது.

செயலி வெளிவந்த எட்டாம் நாள் பகலில், கிழிந்த உதட்டோடு ரேணுகா பரண்மேல் பழைய மெத்தைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். வாசலைப் பூட்டிவிட்டு அவள் கணவன் கிரிக்கெட் மட்டையோடு அறை அறையாகத் தேடினான். பீரோ கண்ணாடி நொறுங்கியது. குளியலறைக் கதவு பிளந்தது. காலடிச் சத்தம் பால்கனிப் பக்கம் போனதும் அவள் பொத்தானை அழுத்தினாள். சைலன்ட்டில் கிடந்த போனிலிருந்து வீணை கணீரென்று எழுந்தது. வயிற்றோடு வைத்து அமுக்கினாள். மூன்று விநாடியும் முழுதாக ஒலித்த பிறகே அது அடங்கியது. கீழே ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரே தடவை கேட்டதுதான். அதை ஒரு சுரம்கூடப் பிசகாமல் முணுமுணுத்தபடி அவன் ஏறினான்.