கூரைப் பொத்தல்

கதவை வெளியே இழுத்துக் கட்டிவிட்டு மாமியார் முனியம்மா சத்தம் போட்டாள். "சூரியன பாம்பு வுடற வரைக்கும் கம்முனு கெட. பாத்துகினு கீத்துகினு இருந்தியானா புள்ள தங்காது, ஆமா!"

தாயம்மா மண்தரையில் கிடந்தாள். நிறைமாதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டுக்கும் பழி அவள் தலையில்தான். நடவுக்குப் போனது தப்பு, போகாமல் படுத்தது தப்பு, பெருமூச்சு விட்டது தப்பு. இதுவும் தங்காவிட்டால் அம்மா வீட்டுக்கே போய்ச்சேர் என்று முனியம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

புருஷன் வேம்புலி ஊரில், சென்னீர்குப்பத்தில் இல்லை. கிரகணம் பார்க்க வந்த துரைமார் பூந்தமல்லியில் கூடாரம் அடித்து, பீரங்கி மாதிரி ஒரு குழாயை நட்டிருக்கிறார்களாம். அதைச் சுமக்கப் போயிருந்தான். வானத்தில் அப்படி என்னதான் வைத்திருக்கிறதோ அவர்களுக்கு!

கூரை வேய்ந்து வருஷங்கள் ஆயிற்று. ஓலையெல்லாம் ஊசிப் பொத்தல். அதன் வழியே தரையில் எப்போதும் வட்ட வட்டமாக வெயில் விழும்.

இன்றைக்கு அத்தனை வட்டங்களும் ஒரே பக்கம் குறைந்திருந்தன.

தாயம்மா சேலையை விலக்கினாள். வயிற்றின் மேலும் ஒன்று வந்து விழுந்தது.

பயந்திருக்க வேண்டும். அலுப்பில் பயம்கூட வரவில்லை. பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

பல் பட்ட தடமே இல்லை. வாலும் இல்லை. உருண்டையாக எதுவோ ஒன்று இன்னோர் உருண்டையைத் தன்பாட்டுக்கு மறைத்துக்கொண்டு போனது, பானை வாயில் தட்டை நகர்த்துகிற மாதிரி.

அட, பாம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!

பிறை மெல்லப் பெருத்து மறுபடி வட்டமானது. வெளியே பாம்பை விரட்ட அடித்த தப்பட்டைச் சத்தம் ஓய்ந்தது. முனியம்மா கட்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாடி, புள்ள பொரள்றானா?"

முந்தாநாள் சாயங்காலமே அசைவு நின்றுவிட்டது. இந்தக் கிரகணத்துக்காகத்தான் தாயம்மா வாயைத் திறக்காமல் காத்திருந்தாள். கதவைக் கட்டியது மாமியாரேதான். இனி மருமகளைக் குறை சொல்ல வழியில்லை.

அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

"இல்லத்தே," என்றாள். "பாம்பு முழுங்கிடுச்சி."