வாசலைப் பார்த்த செருப்பு

சண்டைக்கு முன்பே எடுத்த டிக்கெட் என்பதால், அப்பாவும் சுபத்ராவும் பேசிக்கொள்ளாமலே போய் அந்தப் பழைய ஜப்பானியப் படத்தைப் பார்த்தார்கள். பல வருடம் கழித்து மறுபடி தியேட்டருக்கு வந்திருந்த குடும்பக் கதை. அதில் வீட்டைவிட்டுப் போகும் மகளிடம் தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, அவள் காலை நுழைத்துக் கிளம்ப வசதியாக, செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தான். அந்த இடத்தில் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

மறுநாள் காலை, தனக்குப் பிடித்தவனோடு வாழப் பெட்டியோடு கிளம்பினாள் சுபத்ரா. அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவள் செருப்பு தெருவைப் பார்த்து நேராக வைக்கப்பட்டிருந்தது.

"பெத்த பொண்ணை வெளியே போன்னு சொல்றீங்களா?" என்று அம்மா அழுதாள். "செருப்பைக்கூடத் திருப்பி வெச்சிருக்கீங்களே."

"அது அப்படி இல்லம்மா" என்றாள் சுபத்ரா. பெட்டியைத் திறந்து வேறொரு ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, அந்தச் செருப்பை இப்போதுதான் உள்ளே வந்தவள் கழற்றியதுபோல வீட்டுப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

சாயங்காலம் வாசல் பெருக்க வந்த அம்மா அதை ஓரமாக நகர்த்தப் போனாள்.

"இருக்கட்டும், விடு" என்றார் அப்பா.