காற்று

2022 மே 23. மகாலு மலையின் கடைசி முகாம், கடல்மட்டத்திலிருந்து ஏழாயிரத்து நானூறு மீட்டர். இரவு ஏழரைக்கு வெப்பநிலை மைனஸ் இருபத்திரண்டு டிகிரி.

அவன் ஒரு காலணியை மாட்டி முடித்திருந்தான்.

இடது காலணி. அதற்குள் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கம்பளித் துணியைத் திணித்துக்கொள்வான். பட்டாளத்தை விட்டதிலிருந்து அப்படித்தான்.

வலதை எடுத்தபோதுதான் உறைத்தது. தெம்பா பேசவில்லை.

இந்த மலையோடு ஐந்து மலைகளில் அவனுக்குக் கயிறு கட்டிக் கூட வந்த ஷெர்ப்பா தெம்பா. மதியம்வரை குளிரைத் திட்டிக்கொண்டேதான் ஏறினான். ஷெர்ப்பா மொழியில், நேபாளியில், அவனிடம் கற்ற தமிழில். ‘நாசமாப் போற குளிரு’ என்பதை மட்டும் மதுரைக்காரன் மாதிரி சொல்வான்.

மதியத்துக்குப் பிறகு திட்டவில்லை.

அந்த அமைதி அவனுக்கு வசதியாக இருந்தது.

மனசெல்லாம் நாளைக் காலையில் இருந்தது. ஒரே பருவத்தில் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஐந்து சிகரங்கள். நான்கு முடிந்தன. நாளை இதையும் தொட்டுவிட்டால், அவ்வளவு வேகமாக முடித்தவர் உலகத்தில் வேறு யாருமில்லை. ஒரு நாள் தள்ளினாலும் பழைய சாதனைக்காரரின் பெயரே நிற்கும்.

பட்டாளத்தில் பனியாற்றுக் காவலுக்கு முதன்முதலாக ஏறியபோது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குளிருது குளிருது என்று புலம்புகிறவனை விட்டுவிடு. புலம்பலை நிறுத்தினவனைப் பார்.

"காலைக் காட்டு."

"ஒண்ணுமில்ல அண்ணே. நேரமாச்சு, கிளம்பலாம்."

அவர்கள் பேசிக்கொள்வது இந்தியில். அண்ணே மட்டும் தமிழ்.

"காட்டுடா."

வலது கால் விரல்கள் மெழுகுவர்த்திபோல வெளுத்திருந்தன. இடது காலிலும் கட்டைவிரல். அவன் நகத்தால் அழுத்தினான்.

தெம்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எப்பலேர்ந்து?"

தெம்பா கூடாரத்தின் கூரையைப் பார்த்தான்.

"நீங்க போங்கண்ணே. வெளிய பக்கத்துக் கூடாரத்து ஆளுங்க கிளம்பறாங்க, அவங்களோட சேர்ந்துக்குங்க. நான் அடுப்புல காட்டிக்கறேன்."

உணர்ச்சியில்லாத காலை அடுப்பில் காட்டினால் வெந்தாலும் தெரியாது. அது தெம்பாவுக்கும் தெரியும்.

இப்போது சூடேற்றினால் விரல்கள் பிழைக்கும். ராத்திரி முழுக்க ஆகும். அந்தக் காலோடு கீழே இறங்கலாம், மேலே ஏற முடியாது. இந்த உயரத்தில் ஒருவன் காலுக்குச் சூடு, இன்னொருவன் உடம்புதான்.

அவன் வலது காலணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு கீழே வைத்தான். உடுப்பின் ஜிப்பை இடுப்புவரை இறக்கினான். உள்ளே போட்டிருந்த மூன்று சட்டைகளையும் தூக்கிவிட்டு, தெம்பாவின் இரண்டு பாதங்களையும் எடுத்து வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டான்.

மூச்சு நின்று வந்தது.

முன்பு அவனுக்கு இதைச் செய்தவர் ஹவில்தார் தேவசகாயம், நாகர்கோவில்காரர். பனியாற்றில், விடியும்வரை.

"லேய், ஒன்னக் கட்டப்போறவ பாக்க வேண்டிய சோலிய நான் பாக்கேன். கல்யாணத்துக்குக் கூப்பிடாம இருந்து பாரு, இந்தக் காலையே ஒடிப்பேன்."

இடது கால் விரல்கள் பிழைக்கவில்லை. வலது பிழைத்தது. கல்யாணத்துக்கு தேவசகாயம் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

வெளியே பனியில் காலணி முட்கள் குத்தும் சத்தம். பக்கத்து அணி ஒவ்வொருவராகக் கூடாரத்தைக் கடந்தது. நெற்றி விளக்குகளின் வெளிச்சம் மஞ்சள் துணியில் ஏறி, நகர்ந்து, போயிற்று.

தெம்பா கால்களை உருவப் பார்த்தான். அவன் விடவில்லை.

"என்னாலதான் போச்சுன்னு எழுதுவாங்க அண்ணே. அடுத்த வருஷம் எவன் என்ன மலைக்குக் கூப்பிடுவான்?"

இதற்குத்தான் தெம்பா மறைத்திருக்கிறான்.

அவன் தெம்பாவின் பாதங்களின் மேல் உடுப்பை இழுத்து மூடினான், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி.

வாக்கி டாக்கி கரகரத்தது. அடிமுகாம். அந்த அணி கிளம்பிவிட்டதே, நீங்கள் ஏன் இன்னும் கிளம்பவில்லை? பத்திரிகைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், என்ன சொல்லட்டும்?

ஒரு கையால் பாதங்களைப் பிடித்தபடி மறு கையால் பொத்தானை அழுத்தினான்.

கூடாரத் துணி அசையாமல் தொங்கியது. அடுப்பின் மேலிருந்த பாத்திரத்திலிருந்து ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"காத்து," என்றான். "பயங்கரக் காத்து. காலைல கீழ வர்றோம்."

பொத்தானை விட்டான்.

தெம்பா அவனைப் பார்த்தான். பிறகு முகத்தைக் கூடாரத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ரொம்ப நேரம் கழித்து, வயிற்றின் மேல் ஒரு விரல் அசைந்தது.

"அண்ணே. எரியுது."

"எரியட்டும்."

"ரொம்ப எரியுதுண்ணே."

"நல்லா எரியட்டும்டா. திட்டு."

தெம்பா திட்டினான். முதலில் மெதுவாக. பிறகு மூன்று மொழிகளிலும். நாசமாப் போற குளிரு. நாசமாப் போற மலை. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிரவு மகாலுவில் காற்று வீசவில்லை. மேலே போன ஒன்பது பேரும் உச்சியைத் தொட்டுத் திரும்பினார்கள்.